ஆடாமல் பாடினால் ஆகாதா?

நாட்டியத்துக்கென்று அமைந்த இசையை நாட்டியமில்லாமல் பாடலாமா என்று கேட்டால், "இதென்ன கேள்வி? கச்சேரிகளில் பதமும் ஜாவளியும் பாடத்தானே செய்கிறார்கள்!" என்று இசையறிந்த பேராசிரியர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். சதிர் மேடையில் வழங்கிய பதங்களை வீணை தனம்மாள் வீட்டார் அமர்ந்தபடியே பாடி, அவற்றுக்குத் தனிப் பெருமை தேடித் தந்தார்கள். ஆனால் நான் கேட்பது ஒன்றிரண்டு பாட்டைப் பற்றி அன்று. ஒரு நாட்டிய நாடகத்தின் இசை முழுவதையும், கடவுள் வாழ்த்து முதல் மங்களம் வரை, ஒரு விருத்தமும் விடாமல், சலங்கை கட்டாமல், ஓர் அரங்கில் அமர்ந்து பாடலாமா என்பதே கேள்வி. பாடலாம் என்பது மட்டுமன்று, பாடியே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

மேலைநாட்டில் இந்த வழக்கு நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. 'பாலே' என்பது அவர்களுடைய நாட்டிய நாடகம். பேச்சு கிடையாது, பெரிய வாத்தியக் குழு ஒன்று இசைக்க, ஆடியே கதை சொல்வார்கள். ருஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கி 1892-இல் 'நட்கிராக்கர்' என்னும் பாலேவுக்கு இசையமைத்தபோது, அது மேடை ஏறுமுன்பே அதிலிருந்து சில பகுதிகளைப் பொறுக்கி, கச்சேரிக்கென ஒரு சிறு கோவையாக்கிக் கொடுத்துவிட்டார். கோவை மார்ச்சு மாதத்தில் ஒலித்தது. பாலே டிசம்பரில்தான் அரங்கேறியது. இன்றும் பலர் அறிந்தது அந்தக் கோவையைத்தான். முழு இசையோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். அதில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நடுநிசியில் வளர்ந்து வளர்ந்து வானளாவும் கட்டம் ஒன்றுண்டு. இசை படி படியாக ஏறி நம்மையும் தூக்கிக்கொண்டு போகும். அந்தக் கட்டம் கோவையில் இல்லை. பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றவனுக்குப் பாயசத்தின் சுவை தெரியுமா?

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட முக்கியமானது. ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த 'வசந்தச் சடங்கு' 1913 மே 29-ஆம் நாள் பாரிசில் அரங்கேறியது. ஆட்டத்தை அமைத்தவர் நிஜின்ஸ்கி. அவையில் எழுந்த கூச்சலில் இசை காதில் விழவே இல்லை என்பார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே பாரிசில், அதே பியர் மாந்தோ வாத்தியக் குழுவை நடத்த, ஆட்டமின்றி இசை மட்டும் முழுமையாக ஒலித்தது. கேட்டவர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டார்கள்! நிஜின்ஸ்கியின் ஆட்டமோ சில காட்சிகளோடு நின்று மறைந்தே போயிற்று. 1987-இல் அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழுவினர் பழைய குறிப்புகளையும் ஓவியங்களையும் தேடி அதற்கு மீண்டும் உருக்கொடுத்தார்கள். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் இசை ஒரு குறையுமின்றிக் கச்சேரி மன்றங்களில் வாழ்ந்திருந்ததால்தானே அது கைகூடியது? ஆட்டம் மறைந்தாலும் இசை முழுதாக நின்றால் ஆட்டத்தை அதன்மேல் மறுபடி கட்டலாம். இசையும் உதிரிப் பாட்டுகளாகச் சிதறிவிட்டால் எதன்மேல் கட்டுவது?

சிதறிப்போனதற்குச் சான்று தேடி நாம் பாரிசுக்குப் போகவேண்டியதில்லை, சீர்காழிக்குப் போனால் போதும். அருணாசலக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இராம நாடகக் கீர்த்தனையைப் பாடினார். கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் நூல் அது. அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரத்து வேங்கடராமையரும் கோதண்டராமையரும் அவற்றுக்கு மெட்டமைத்தார்கள். இன்று நூல் இருக்கிறது; பழைய மெட்டுகளில் பெரும்பாலானவை இல்லை. நாம் கச்சேரியில் கேட்கும் சில பாட்டுகள் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்றோர் இருபதாம் நூற்றாண்டில் புதிதாக மெட்டமைத்தவை. அந்தப் பெரியவர்களைக் குறை சொல்ல நான் யார்? அவர்கள் இல்லையேல் அந்தச் சிலவும் இல்லை. ஆனாலும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையைக் கண்டு இராமன் வியக்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டைக் கேட்டுத் தலையசைக்கும் நூறு பேரில், பாடுவது இராமனா சீதையா என்று கேட்டால் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வார்கள்? முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளை அறுத்துவிட்டால் நடுவில் நிற்பவனின் முகம் எப்படித் தெரியும்?

குற்றாலக் குறவஞ்சிக்கும் இதே கதிதான். நமக்குப் பாடநூலில் வந்த மலைவளமும் பந்தாட்டமும் தெரியும். மற்றவை? கட்டியக்காரன் வருகிறான், குற்றாலநாதர் பவனி வருகிறார், வசந்தவல்லி கண்டு மயங்குகிறாள், நிலவைப் பழிக்கிறாள், பாங்கியைத் தூது விடுகிறாள், கூடலிழைத்துப் பார்க்கிறாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். அதன்பிறகு சிங்கன் கண்ணியோடு வருகிறான்; வயலில் இறங்கும் பறவைகளை வகைவகையாகச் சொல்லிப் பாடுகிறான். (கழுவெளியில் பறவைகள் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்த மரக்காணத்துக்காரனுக்கு அந்தப் பகுதி தனியாக இனிக்கும்!) கடைசியில் சிங்கி பரிசாகப் பெற்று வந்த நகைகளைப் பார்த்துவிட்டு அவன் கேட்கும் கேள்விகளும் அவள் சொல்லும் விடைகளும் நகைச்சுவையின் உச்சம். தலைவியின் விரகத்தை அவ்வளவு நேரம் கேட்ட காதுக்குத்தான் இந்தக் குறவனின் விரகம் ஏன் சிரிப்பும் இரக்கமுமாய் இருக்கிறது என்று புரியும். ஒரு பாட்டை எடுத்துத் துக்கடாவாகப் பாடினால் இந்த இசைவு எங்கே போகும்? 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் வாலில் துக்கடாவாக வைப்பதற்கு எதிராகத்தான் குரல் எழுந்தது. குறவஞ்சி மட்டும் இன்னும் வாலிலேயே நிற்கிறது.

கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். அரும்பெரும் பணி. ஆனால் அப்படி ஒன்றை மேடையேற்ற எத்தனை ஆடுநர், எத்தனை ஆடை, எத்தனை மாதப் பயிற்சி, எவ்வளவு பணம்! நம்மைப் போன்ற ஓர் அரசு கலைக் கல்லூரிக்கு அது கனவு. பாடுவதற்கு வேண்டியவை நான்கு குரலும் ஒரு மிருதங்கமும்தான்.

"ஆட்டத்துக்கு எழுதியதை ஆட்டமில்லாமல் கேட்பது, மணமகன் இல்லாத கல்யாணம்" என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். அவருக்கு என் ஊரைத்தான் சாட்சிக்கு அழைத்தேன். எங்கள் வீட்டில் உப்பளத் தொழில். கோடையில் வெயிலுக்கு அஞ்சிப் பின்னிரவிலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கிவிடுவோம். அதே பருவத்தில்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும். கூத்துப் பார்க்கப் போனால் வேலை கெடும். வேலைக்குப் போனால் கூத்துக் கெடும். ஆனால் ரேடியோ செட்காரர் பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி உப்பங்காற்றில் எல்லாவற்றையும் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். முகவீணை இழுக்கும்போதே அப்பா, "திரைக்குப் பின்னால் கர்ணன் வந்துவிட்டான்" என்பார். மத்தளத்தின் நடை மாறினால், "இப்போது கிறுக்கி சுற்றுகிறான்" என்பார். ஆட்டம் ஒன்றையும் நாங்கள் காணவில்லை. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி பாடும் பாட்டுக்கு, வார்பலகையை ஊன்றிக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாட்டிய நாடகத்தின் இசையை ஆடாமல், முழுதாக, இரவெல்லாம் கேட்ட அவை அது. அவர்களுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

நகரத்து நண்பர்களுக்கு வேறு சாட்சி தருகிறேன். வானொலியில் 'ஒலிச்சித்திரம்' கேட்டதில்லையா? படமே இல்லாமல் முழுப்படத்தையும் காதால் பார்த்த தலைமுறை உங்கள் வீட்டிலும் இருக்கும். 'திருவிளையாடல்' வசனத்தைக் கோயில் திருவிழாவில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர்!

நண்பரின் வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. கூத்தில் போர்க் கட்டம் வந்தால் அடவுக்காக மத்தளமும் தாளமும் நெடுநேரம் ஒரே நடையில் ஓடும். பதத்தில் ஒரே அடியைப் பத்து முறை பாடுவது, ஆடுகிறவர் பத்து விதமாகப் பொருள் காட்டுவதற்காக. இவற்றை அமர்ந்து பாடும்போது அப்படியே நீட்டினால் அவை கொட்டாவி விடும். திருப்பிப் பாடுவதைக் குறைக்கலாம். அதற்காகப் பாட்டையே வெட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சொற்கட்டும் இருக்கட்டும். நட்டுவனார் வாயில் வரும் ஜதியும் இசைதானே? டி. பாலசரஸ்வதி அம்மையார் தாமே பாடிக்கொண்டு அபிநயம் பிடித்தவர். 1973-இல் சென்னை மியூசிக் அகாதமி அந்த நாட்டியக் கலைஞருக்கு 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்தது சும்மாவா?

தமிழ் படிக்கும் மாணவன் சிலம்பைத் தொடாமல் இருக்க முடியாது. அரங்கேற்று காதையில் ஆடலாசானுக்கு ஓர் இலக்கணம். இசையாசானுக்கு, கவிஞனுக்கு, தண்ணுமையோனுக்கு, குழலோனுக்கு, யாழோனுக்கு என்று தனித்தனி இலக்கணம். இசை அங்கே ஆட்டத்தின் வேலைக்காரனாக வரவில்லை. அந்த மாதவி, ஊரே வியந்த ஆடல்மகள், புகார்க் கடற்கரையில் கானல்வரி பாடுகிறாளே, அப்போது ஆடுகிறாளா? இல்லை. உட்கார்ந்து, யாழை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிப்பாட்டுகளைப் பாடி முடிக்கிறாள். கோவலன் பாடிய வரிசைக்கு அவள் வரிசை விடை. இடையில் நிறுத்தியிருந்தால், ஒன்றிரண்டோடு போதும் என்றிருந்தால், கோவலன் எழுந்து போயிருப்பானோ என்னவோ! அந்த வரிசை முழுமையாக ஒலித்ததால் ஒரு காப்பியமே திரும்பியது.

இப்போது அவசரம் என்ன என்று கேட்கலாம். விடியவிடிய நடந்த கூத்து பல ஊர்களில் சில மணி நேரமாகச் சுருங்கி வருகிறது. வெட்டப்படுவது எது? சண்டையையும் கட்டியங்காரனின் கேலியையும் யாரும் வெட்டமாட்டார்கள். விருத்தமும் தருவும்தான் வெட்டப்படுகின்றன. இரவு முழுதும் கட்டைகளையும் கிரீடத்தையும் சுமந்து ஆட உடல்வலுவுள்ள இளைஞர்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. வயதான வாத்தியார்களுக்கோ கால் ஓய்ந்தாலும் தொண்டை ஓயவில்லை. முழு நாடகமும் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அவர்களை நாற்காலியில் அமர்த்தி, பெட்டியும் மத்தளமும் பக்கத்தில் வைத்து, களரி கட்டுவது முதல் மங்களம் வரை பாடச் சொன்னால் பாடுவார்கள். கைப்பேசியில் பதிவு செய்ய நம்மில் யாருக்குத் தெரியாது?

ஆகவே வரும் முத்தமிழ் விழாவில் திரைப்படப் பாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் மாலைகளில் இரண்டைத் தமிழ் மன்றம் எனக்குத் தரட்டும். முதல் மாலை குற்றாலக் குறவஞ்சி, குறத்தி வருகை வரை, மறுநாள் மிச்சம். வசந்தவல்லிக்கும் சிங்கிக்கும் குரல்கள் நம் மாணவியரிடமே உள்ளன. அவர்கள் பேருந்தில் பாடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இசைநாடகப் பழக்கமுள்ள ஒரு பெரியவரை ஆர்மோனியத்துக்கு அழைத்து வரவேண்டும். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு வேட்டியும் கொடுத்தாக வேண்டும். கட்டியக்காரனுக்கு மட்டும் நாம் ஆள் தேடவேண்டியதில்லை. விடுதியில் அறைக்கு ஒருவர் இருக்கிறார்!