வத்தல் கம்ப்யூட்டரில் கப்பல் ஏறுது. விளைவித்தவன் பேர் எங்கே?



ஐக்கிய அரபு அமீரகத்தோடு நம் நாடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் கையெழுத்தானது. இரண்டிலும் ‘டிஜிட்டல் வர்த்தகம்’ என்று தனி அத்தியாயமே உண்டு. சரக்குக்கான சான்றுகளைத் தாளாகச் சுமக்காமல் கம்ப்யூட்டரிலேயே அனுப்புவதற்கு அதில் வழி செய்திருக்கிறார்கள். இதை நாம் எதிர்க்கவில்லை. தாமதம் குறைந்தால் செலவு குறையும். அந்த மிச்சம் யார் மடியில் விழுகிறது என்றுதான் கேட்கிறோம்.

கமிஷன் கடையில் மூடையை இறக்கியதுமே நம்ம பேர் அழிஞ்சு போகுது. சான்றில் ஏறுவது ஏற்றுமதியாளர் பேர். வாங்குகிற நாடோ, என்ன மருந்து அடித்தது, பூஞ்சை நஞ்சு எவ்வளவு என்று கேட்கிறது. ஐரோப்பாவில் ஒரு டன் வத்தலுக்கு 10 மில்லிகிராம் அஃப்ளாடாக்சினுக்கு மேல் இருந்தால் சரக்கை விடமாட்டார்கள். ஈரம் போகக் காயவைத்தால் இந்த நஞ்சு கட்டுப்படும். ஆனால் கையால் அள்ளி, கண்ணால் பார்த்து விலை சொல்லும் இடத்தில், தார்ப்பாய் விரித்துக் காயவைத்தவருக்கும் வெறுந்தரையில் கொட்டியவருக்கும் ஒரே விலைதானே?

இதே கம்ப்யூட்டர் வழியில்தான் பருப்பும் உள்ளே வருகிறது. ஆண்டுக்கு 2½ லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று 2021இல் மியான்மரோடு ஐந்தாண்டு உடன்பாடு போட்டார்கள். ரங்கூனில் கப்பல் கிளம்பும்போதே வியாபாரிக்கு விலை தெரிந்துவிடும். மானாவாரியில் உளுந்து எடுத்த நமக்கோ, மூடையை அவிழ்த்த பிறகுதான் தெரியும். வெள்ளாமை கட்டுப்படியாகாத வீட்டுப் பெண்கள்தான் விடியக்காலையில் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறுகிறார்கள். இது நம் ஒவ்வொரு ஊரும் கண்ட உண்மை.

இ-நாம் என்ற மின்னணுச் சந்தை 2016 ஏப்ரல் 14இல் வந்தது. வெளியூர் வியாபாரியும் போட்டி போட்டு ஏலம் கேட்டால்தான் அதனால் நமக்குப் பலன். ஆகவே நாம் கேட்பது:

1. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோறும் ஈரப்பதம் அளந்து, தரச் சீட்டை விவசாயி கையில் கொடு!

2. நறுமணப் பொருள் வாரியத்தின் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில், உழவர் குழுக்களின் வத்தலைக் கட்டணமில்லாமல் சோதித்துக் கொடு!

3. இறக்குமதி ஒப்பந்த விவரத்தை விதைப்புக்கு முன்பே கிராமசபையில் சொல்! அறுவடை மாதங்களில் பருப்பு இறக்குமதியை நிறுத்து!

நாமும் சும்மா இருக்கக் கூடாது. ஏற்றுமதி செய்வதற்கான குறியீட்டு எண்ணை ஆன்லைனில் 500 ரூபாய் கட்டணத்தில் வாங்கலாம். தனி ஆளாக ரெண்டு ஏக்கர் வத்தலை வைத்துக்கொண்டு கப்பல் பிடிக்க முடியாது. பத்து ஊர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிந்தால் முடியும். அப்போது சான்றில் ஏறுவது நம்ம பேராக இருக்கும்.

ஊர் ஊராய்த் திரள்வோம்! விளைவித்தவன் பேரைச் சான்றில் ஏற்றுவோம்!