குதியின் உயரம் எத்தனை அங்குலம்?

உங்கள் வீட்டில் ஓர் அடிமட்டம் இருக்குமல்லவா? பிள்ளைகளின் பாடசாலைப் பையிலிருந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். கலியாண வீடுகளுக்கென்று நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குதி உயர்ந்த சப்பாத்தையும் அலுமாரியிலிருந்து இறக்கி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இம்மாதம் நமது பேச்சு அதைப் பற்றியதுதான்.

என் ராத்தாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை 5 அடி 10 அங்குலம். எங்கள் பிள்ளையோ 4 அடி 11 அங்குலம். கலியாணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் ராத்தா புறக்கோட்டைக்குப் போய் வெள்ளி நிறத்தில் ஒரு சோடி சப்பாத்து வாங்கி வந்தார். "நாலு அங்குலக் குதி, தங்கச்சி! மேடையில் பக்கத்தில் நிற்கும்போது மாப்பிள்ளையின் நாடிக்கு மேலாவது வரவேண்டாமா?" என்றார். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் நாலு எட்டு நடந்தாள். ஐந்தாவது எட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்த "நாலு அங்குலம்" என்ற சொல்லில் சந்தேகம் வந்தது. சப்பாத்தை மேசைமேல் வைத்து, பின்பக்கத்தின் நடுவில், குதி தரையைத் தொடும் இடத்திலிருந்து அது சப்பாத்தின் உடலோடு சேரும் இடம் வரை நேராக அளந்தேன். நாலரை அங்குலம்! அதே குதியின் உட்பக்கத்தில், அதாவது பாதத்தின் வளைவுக்குக் கீழே அடிமட்டத்தை வைத்தால் நாலுக்குச் சற்றுக் கூட. விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் அளந்த இடம் வேறு, நான் அளந்த இடம் வேறு, அவ்வளவுதான். அமெரிக்கச் சப்பாத்துத் தொழிலாளர்கள் இந்தக் குழப்பம் வேண்டாமென்றோ என்னவோ, குதியை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளாக எண்ணுவது வழக்கம். 16/8 என்று குறித்திருந்தால் இரண்டு அங்குலக் குதி என்று பொருள். நமது கடைகளிலோ கடைப் பையனின் வாய்ச்சொல்தான் அளவு.

அத்துடன் கணக்கு முடியவில்லை. முன்பக்கத்தில், விரல்களுக்குக் கீழே இருக்கும் அடித்தட்டின் கனத்தையும் அளந்தேன். ஓர் அங்குலம். நாலரையில் ஒன்றைக் கழித்தால் மூன்றரை. கால் உண்மையில் சுமக்கும் சரிவு இந்த மூன்றரைதான். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஓர் உயரம், பாதம் அறிவது இன்னோர் உயரம். முன்தட்டு மெல்லியதாயுள்ள மூன்றங்குலச் சப்பாத்தைவிட, முன்தட்டு தடித்த நாலங்குலச் சப்பாத்துச் சில வேளை காலுக்கு இலேசாக இருப்பது இதனால்தான். ஆனால் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. தடித்த தட்டு வளையாது, அதனால் தரையின் மேடு பள்ளம் காலுக்குத் தெரியாது. கால் புரண்டால் புரளும் உயரமும் அதிகம்.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். ஒரே படியின் மேல் ஒரு நீளப் பலகையையும் ஒரு கட்டைப் பலகையையும் சாய்த்து வைத்தால் எது அதிகம் செங்குத்தாக நிற்கும்? கட்டைப் பலகைதானே! பாதமும் அப்படித்தான். எங்கள் பிள்ளைக்கு 22 சென்ரிமீற்றர் நீளமான சின்னப் பாதம். 25 சென்ரிமீற்றர் பாதமுள்ள ஒருத்திக்கு மூன்றரை அங்குலம் கொடுக்கும் சரிவைவிட இவளுக்கு அதிகம். குள்ளமான பெண்களுக்குப் பெரும்பாலும் பாதமும் சிறிதுதான். உயரம் வேண்டுமென்று அதிகம் ஆசைப்படுகிறவருக்கே அதன் பாரமும் அதிகம் விழுகிறது.

சரி, உயரமாவது கிடைத்ததா? பிள்ளையை வெறுங்காலோடு கதவு நிலையில் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பிறகு சப்பாத்தோடு நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் நாலு அங்குலம்கூட இல்லை! நாலரை அங்குலக் குதி எங்கே போனது? உடலின் பாரம் கணுக்கால் வழியாகவே பாதத்தில் இறங்குகிறது. கணுக்கால் இருப்பதோ குதிக்கு முன்னால், சரிவு இறங்கத் தொடங்கும் இடத்தில். ஆகவே குதியின் உயரம் முழுவதும் ஆளின் உயரமாக வந்து சேர்வதில்லை. ராத்தா அந்தக் கோடுகளை இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, "பென்சில் மொட்டை" என்றார்.

இனி, காலுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். வெறுங்காலோடு நிற்கும்போது உடற்பாரத்தில் பெரும்பங்கைக் குதிக்கால் தாங்குகிறது. குதி உயர உயர அந்தப் பாரம் விரல்களின் அடிமேட்டுக்கு நகர்கிறது. முனை ஒடுங்கிய சப்பாத்தானால் விரல்களும் ஒன்றோடொன்று நெருக்குண்டு, பெருவிரலின் மூட்டு வெளியே புடைக்க இடமுண்டு.

"முள்ளுக்குதிதானே ஆபத்து, எனது அகலக்குதி" என்று ஆறுதல் கொள்ளும் சகோதரிகள் உண்டு. தடுமாறி விழாமலிருக்க அகலம் உதவும், உண்மைதான். ஆனால் 'லான்செட்' என்ற பிரித்தானிய மருத்துவ ஏட்டில் 1998 ஆம் ஆண்டிலும் 2001 ஆம் ஆண்டிலும் வந்த இரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முழங்கால் மூட்டில் விழும் முறுக்கைக் கூட்டுவதில் ஒடுங்கிய குதிக்கு அகலக்குதி இளைத்ததல்ல என்று தெரிகிறது. முழங்கால் வாதம் பெண்களை அதிகம் வாட்டுவது ஏன் என்று தேடிப் போனவர்கள் செய்த ஆய்வுகள் அவை.

2010 இல் வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு வருடங்களுக்கு மேல், வாரத்தில் ஐந்து நாட்களாவது, குறைந்தது 5 சென்ரிமீற்றர் குதி அணிந்து பழகிய பெண்களின் கெண்டைக்காலை ஆராய்ந்தார்கள். தசை நார்கள் மற்றப் பெண்களுடையதைவிட 13 வீதம் குறுகியிருந்தன. குதிக்காலோடு சேரும் தசைநாண் தடித்து இறுகியிருந்தது. 5 சென்ரிமீற்றர் என்பது இரண்டு அங்குலம். அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் நாளாந்தம் போட்டுப் போகும் சாதாரண உயரம்!

தசை இப்படிக் குறுகியவருக்குக் குதியோடு நிற்கும்போது வலி தெரியாது. கழற்றி வெறுங்காலோடு நிற்கும்போதுதான் தெரியும். நாம் நாளுக்கு ஐந்து வேளை வெறுங்காலோடு நிற்பவர்கள். நிலையில் நிற்கும்போது கெண்டைக்கால் இழுக்கிறது, சுஜூதில் விரல்களை மடக்கும்போது அடிமேடு எரிகிறது என்று சொல்லும் சகோதரிகளிடம் நான் முதலில் கேட்பது சீனி வியாதியைப் பற்றியல்ல. "வேலைக்கு என்ன செருப்புப் போடுகிறீர்கள்?" என்றுதான். பல வருடங்கள் குதியணிந்தவர்கள் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு இறங்கினாலும் வலிக்கும். படிப்படியாக இறங்குவதும், சுவரில் கைகளை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டிப் பயிற்சி செய்வதும் நல்லது. வலி விடாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அணிகிறோம்? பார்ப்பவர் கண்ணுக்காகத்தான். அந்தக் கண்ணோ காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் குதி ஆண்களின் சொத்து. பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் வழுகாமலிருக்கக் குதியணிந்தார்கள். அங்கிருந்துதான் ஐரோப்பியப் பிரபுக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரான்ஸ் மன்னர் 14 ஆம் லூயி சிவப்புக் குதியோடு நிற்கும் 1701 ஆம் ஆண்டு ஓவியம் இன்றும் பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் இருக்கிறது. வெனிஸ் நகரத்துச் சீமாட்டிகள் பணிப்பெண்களின் தோளைப் பிடித்து நடக்க வேண்டிய அளவுக்கு உயர்ந்த மேடைச் செருப்புகளை அணிந்தார்கள். உஸ்மானியர் காலத்து ஹம்மாம் குளிப்பிடங்களில் பெண்கள் அணிந்த, முத்துச்சிப்பி பதித்த உயர்ந்த மரமிதியடிகள் இவற்றையெல்லாம்விட நியாயமானவை. ஈரமும் சூடும் சவர்க்கார நுரையுமான தரையில் கால் படாமலிருக்கவே அவை பிறந்தன. வசதி படைத்தவர்கள் அதிலும் தங்கள் செல்வத்தைக் காட்டத் தவறவில்லை என்பது வேறு கதை. நம் காலத்திலோ 2015 இல் லண்டனில் தட்டைச் சப்பாத்தோடு வேலைக்கு வந்த வரவேற்பாளப் பெண்ணொருத்தி சம்பளமின்றித் திருப்பி அனுப்பப்பட்டாள். அது பாராளுமன்ற விவாதம் வரை போனது. 2017 இல் பிலிப்பைன்ஸ் அரசு, பெண்களைக் குதியணியும்படி முதலாளிமார் கட்டாயப்படுத்தலாகாது என்றே கட்டளையிட்டது.

நமது நூல்களிலும் ஒரு செய்தி உண்டு. பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் குள்ளமான ஒரு பெண், நெடிய இரு பெண்களோடு நடந்து போவதற்காக மரத்தால் கால்கள் செய்து அணிந்தாள் என்றும், மக்கள் அவளை அடையாளம் காணவில்லை என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மரக்கால் எத்தனை அங்குலம் என்று பேசவில்லை. எண்ணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யாரும் அறிந்து தொல்லை தராதபடி தன்னை மறைத்துக்கொள்வது போன்ற நியாயமான நோக்கமானால் குற்றமில்லை, பெருமைக்காகவும் பிறரை ஏமாற்றவுமானால் கூடாது என்பதே அவர்கள் சொல்வதன் சாரம்.

இதை நான் ராத்தாவிடம் சொன்னபோது அவர் பேசாமல் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். சற்று நேரத்தில் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, விடயத்தைச் சொன்னார். கலியாணத் தரகரிடம் கொடுத்த குறிப்பில் பிள்ளையின் உயரம் 5 அடி 1 அங்குலம் என்று எழுதியிருக்கிறார்! "எல்லோரும் இரண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுகிறார்கள், தங்கச்சி. நான் மட்டும் உள்ளதை எழுதினால் ஒருவரும் படி ஏறமாட்டார்கள்" என்று அழுதார். வெள்ளிச் சப்பாத்து அந்த இரண்டு அங்குலத்துக்காகத்தான் வாங்கப்பட்டிருக்கிறது. மேடையில் ஒரு நாள் சமாளிக்கலாம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றித்தானே உள்ளே போகவேண்டும்?

பிள்ளை கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, "சாச்சி, நீங்களே அந்த மாமிக்குப் பேசிச் சொல்லிவிடுங்கள். கலியாணம் நின்றாலும் பரவாயில்லை" என்றாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது. ராத்தா வேண்டாமென்று என் கையைப் பிடித்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம்தான். தொலைபேசியை எடுத்துவிட்டு இரண்டு தடவை கீழே வைத்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று பிள்ளை வெறுங்காலோடுதானே தேநீர்த் தட்டை ஏந்தி வந்தாள்? நான் 5 அடி. என் பக்கத்தில் நின்றபோதே தெரிந்துவிட்டது. அன்றிரவே மகனிடமும் சொல்லிவிட்டேன்" என்றார். அத்தோடு நிற்கவில்லை. "தரகரின் தாளில் மகனின் உயரத்தையும் ஒரு தடவை பாருங்கள். அவர் 5 அடி 9" என்றார்.

மறுநாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு நானே வேறு சப்பாத்து வாங்கப் போனேன், மாலையில். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அதுதான். அப்போது பொருந்துவது கலியாண இரவிலும் பொருந்தும். அடிமட்டத்தைக் கைப்பையில் கொண்டு போயிருந்தேன், கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும் என்று. பின்குதி இரண்டேகால், முன்தட்டு அரை. கழித்தால் ஒன்றே முக்கால். மேசைமேல் வைத்து விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தோம், ஆடவில்லை. குதியின் நுனியில் இறப்பர் இருந்தது. வழுக்குத் தரையில் பிடிமானம் அதில்தான் இருக்கிறது. மண்டபத்தில் டக் டக்கென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்காமலிருப்பதும் அதனால்தான். கடையின் பளிங்குத் தரையில் பத்து நிமிடம் அவளை நடக்க வைத்தேன். சுவரைத் தேடவில்லை.

வெள்ளிச் சப்பாத்தை வாங்கிய கடையில் திருப்பி எடுக்கவில்லை. பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். அந்தச் சோடி இப்போது என் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இதை எழுத உட்காருமுன் இறக்கி இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். நாலரைதான்.