எறியும் கையும் ஊன்றும் காலும்

பிள்ளை கை வலிக்கிறது என்றால் நாம் கையைத்தான் பார்க்கிறோம், தைலம் தடவுகிறோம், இரண்டு நாள் சென்றால் சரியாகிவிடும் என்று ஆறுதல் கூறுகிறோம். ஆனால் வலி தோன்றும் இடம் ஒன்றாகவும் அதன் காரணம் பிறக்கும் இடம் வேறாகவும் இருப்பது உண்டு. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் விளையாட்டுகள் அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பாலும், அதன் உடன்பிறப்பாகிய சாப்ட்பாலும் ஆகும்.

கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிவது குற்றம். பேஸ்பாலில் அதுவே முறை. பெரியோர் ஆட்டத்தில் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து எறிகிறார். அவ்வேளையில் தோள்மூட்டு சுழலும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை என்று கணித்திருக்கின்றனர். இவ்வளவு விசையும் கையில் பிறப்பதன்று. பாதம் தரையை உந்த, அவ்வுந்துதல் கால், இடுப்பு, மார்பு, தோள், முழங்கை என்று படிப்படியாக ஏறி, விரல் நுனியில் பந்தாகப் புறப்படுகிறது. நடுவில் ஒரு படி தவறினால் அதன் சுமை அடுத்த படியின்மேல் விழும். இறுதியில் சுமப்பது பெரும்பாலும் முழங்கையே.

1974-ஆம் ஆண்டு ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்பவரது இடது முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, அறுந்த நாருக்குப் பதிலாகப் பொருத்தினார். 1976-இல் களத்துக்குத் திரும்பிய டாமி ஜான் 1989 வரை ஆடினார். தாம் பெற்ற 288 வெற்றிகளில் 164-ஐ அந்தச் சிகிச்சைக்குப் பின்னரே பெற்றார். மருத்துவத்தின் பெருமை அது. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்குக் கைகொடுத்த அந்த அறுவை சிகிச்சை, பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தேவைப்பட்டது. இதைப் பெருமை என்று சொல்ல இயலுமா?

குறையை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி உண்டு. பந்தைப் பாராமல் பிள்ளையைப் பார்க்க வேண்டும். முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். முதலாவது, முன்கால் இலக்கை நோக்கி ஊன்றுகிறதா, அல்லது பக்கவாட்டில் விலகி விழுகிறதா? இரண்டாவது, இடுப்பு முதலில் திரும்பி, மார்பு அதன்பின் திரும்புகிறதா? மார்பு முந்திக்கொண்டால் கை பின்தங்கி, முழங்கையின் உட்புறம் இழுபடும். மூன்றாவது, முன்கால் ஊன்றும் நேரத்தில் முழங்கை தோளளவு உயர்ந்திருக்கிறதா? நான்காவது, பந்து கைவிட்டுப் போனபின் உடல் முன்னோக்கி வளைந்து கையின் வேகத்தைத் தணிக்கிறதா? கை சட்டென்று நின்றுவிட்டால் தோளின் பின்புறம் வருந்தும்.

சாப்ட்பாலில் பந்தெறியும் பெண், காற்றாலையின் இறக்கைபோலக் கையை முழுவட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து எறிகிறாள். இம்முறையால் தோளுக்குத் தீங்கில்லை என்று நெடுங்காலம் நம்பினர். மேலிருந்து எறிவதற்கு ஒப்பான இழுவிசை இதிலும் தோளைத் தாக்குவதாக ஆய்வுகள் காட்டிவிட்டன. தோளின் முன்புறம் வலிப்பதாக அவள் சொன்னால், முன்கால் ஊன்றும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறதா, இடுப்பு ஒருபக்கம் இறங்குகிறதா என்றும் நோக்குதல் நலம்.

திருத்துவது எவ்வாறு? "கையை உயர்த்து" என்று கத்துவதால் கை உயர்வதில்லை. பிள்ளையை ஒற்றைக் காலில் நிற்கச் செய்து, முழங்காலை மெல்ல மடக்கச் சொல்லுங்கள். முழங்கால் ஆடி உட்புறம் விழுமாயின், இடுப்பும் தொடையும் வலுப்பெறுவதே முதற்பணி. வலுவற்ற கால்மேல் நல்ல எறிமுறை நிலைக்காது. வலு இருந்தும் முறை தவறினால், ஒருநேரத்தில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தரையில் கோடு கிழித்து, "இங்கே காலை ஊன்று" என்று காட்டுவது நீண்ட விளக்கத்தினும் பயன் தரும். பாதி வேகத்தில் பழகிய பின்னரே முழு வேகம். போட்டி நடக்கும்போது திருத்த முற்படுவது பிள்ளையைக் குழப்புவதாகும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்வோம். தொடக்கத்தில் செம்மையாக எறிந்த பிள்ளையின் முழங்கை, ஆட்டம் முடியும் தறுவாயில் தாழ்கிறதென்றால் அது அறியாமையன்று, களைப்பு. அதற்கு மருந்து பயிற்சியன்று, ஓய்வே. களைத்த கையோடு அடிக்கடி எறிந்த இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சை நேரும் வாய்ப்பு 36 மடங்கு மிகுதி என்று 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கண்டது. 'லிட்டில் லீக்' அமைப்பு 2007 முதல் எறிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது. 11, 12 வயதினருக்கு நாளொன்றுக்கு 85. வலி இருக்குமாயின் எண்ணிக்கை பார்க்க வேண்டியதில்லை. உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வளரும் பருவத்தில் எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பு மிக மென்மையானது.

வெற்றி கைக்கெட்டும் வேளையில் களைத்த பிள்ளையை வெளியே அழைப்பது பயிற்றுநருக்கு எளிதன்று; கைதட்டி நிற்கும் பெற்றோருக்கு அதனினும் அரிது. ஆயினும் அதைச் செய்ய வேண்டியவர்கள் பெரியோரே. "இன்னும் எறிவேன்" என்றுதான் பிள்ளை சொல்லும். போதும் என்று சொல்லும் கடமை நம்முடையது.