கொட்டகை ஒருவருடையது, கோழி வேறொருவருடையது

மதிப்பிற்குரிய கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவன் நான். எங்கள் சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குத்தான் போகிறது. கோழிப்பண்ணை படுத்தால் சோள விலையும் கூடவே படுத்துவிடும். ஆகவே, பண்ணைகளை மூடச் சொல்லி எழுதப்பட்ட மடல் இதுவல்ல. கோடையில் கொட்டகைக்குள் வெந்து சாகும் கறிக்கோழிகளுக்கு யார் பொறுப்பு என்ற ஒரு கேள்விக்கு மாவட்ட நிர்வாகம் விடை சொல்ல வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, ராத்திரி கண்விழிப்பு எல்லாம் விவசாயியுடையவை. ஐந்தாறு வாரத்தில் கோழி இரண்டு கிலோவைத் தொட்டதும் வண்டி வந்து பிடித்துப் போகும். விவசாயிக்குக் கிடைப்பது கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாயில் வளர்ப்புக் கூலி. சாவு கூடினாலோ தீவனம் அதிகம் பிடித்தாலோ அதிலும் பிடித்தம். குஞ்சு எப்போது இறங்க வேண்டும், எத்தனை இறங்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனி தீர்மானிக்கும். சூப்பர்வைசர் வருவார், எடை போடுவார், அட்டையில் எழுதுவார், போய்விடுவார்.

கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்குள்ள முக்கியமான வழி வாயைத் திறந்து இளைப்பதுதான். சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம் கறிக்கோழி. உடம்பு வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரத்துக் கோழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அப்படிப்பட்ட சில ஆயிரம் கோழிகள் ஒன்றாக இளைக்கும் சத்தம் கொட்டகைக்கு வெளியிலேயே கேட்கும். கூரைமேல் தென்னை ஓலை போடலாம், வெள்ளையடிக்கலாம், பக்கத்தில் ஈரச்சாக்கு கட்டலாம், மின்விசிறியும் நீர்த்தெளிப்பானும் வைக்கலாம். வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. செலவெல்லாம் விவசாயி தலையில் விழுகிறது, அவர் வாங்கும் கூலியோ அதற்குக் காணாது. கோடையில் குஞ்சின் எண்ணிக்கையைக் குறைத்து இறக்கினால் பாதித் தொல்லை தீரும், ஆனால் அந்த முடிவு அவர் கையில் இல்லை.

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 3ஆவது பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. 11ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவோ, வதையைத் தடுக்கத் தேவையான கவனத்தையும் மேற்பார்வையையும் உரிமையாளர் செலுத்தாவிட்டால், அவரே குற்றம் செய்ததாகக் கருதப்படுவார் என்கிறது. விற்கும்போது கோழி கம்பெனியின் சொத்து என்றால், சாகும்போதும் அப்படித்தானே? ஒப்பந்தக் காகிதத்தில் இருக்கும் உரிமை சட்டத்துக்கு முன்னால் மட்டும் காணாமல் போகக் கூடாது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்பது வேறு கதை. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த 50 ரூபாய் உச்சவரம்பு மாறவில்லை. டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு. அபராதத்தால் யாரும் திருந்தப் போவதில்லை. ஆனால், யார் பெயருக்கு நோட்டீஸ் போகிறது என்பது திருத்தும்.

வண்டியில் கொண்டுபோவதற்கும் விதி இருக்கிறது. கோழிகளை வெயிலிலும் மழையிலும் நேர்க்காற்றிலும் படும்படி கொண்டுபோகக் கூடாது, வெப்பநிலை 25 டிகிரிக்கு மேலோ 15 டிகிரிக்குக் கீழோ இருந்தால் ஏற்றவே கூடாது என்கின்றன மத்திய அரசின் விலங்குப் போக்குவரத்து விதிகள். நம் ஊரில் மார்கழி விடியலைத் தவிர 25 டிகிரிக்குக் கீழே எப்போது போகிறது என்று நீங்கள் சிரிக்கலாம். எழுத்துக்கு எழுத்து அமல்படுத்துங்கள் என்று கேட்கவில்லை. கோடை மாதங்களில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை கோழி வண்டி ஓடக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டாலே போதும். ராத்திரியில் பிடித்து விடியலுக்குள் இறக்கும் வழக்கம் பல இடங்களில் ஏற்கெனவே உண்டு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இடம் என்று பார்த்தால் நம் திறந்த கொட்டகை அவ்வளவு மோசமில்லை. கோழிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கு ஐரோப்பாவின் பல கொட்டகைகளைவிட தாராளம். உண்மையான இடநெருக்கடி முட்டைக்கோழிக்குத்தான். நாமக்கல் பக்கத்துக் கம்பிக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு, சிறகை விரிக்கவும் முடியாது. நீதிபதி பி.எஸ். சௌகான் தலைமையில் இருந்த இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் இதைத்தான் பேசியது. ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய வெறுங்கூண்டுகளை 2012 தொடக்கத்திலேயே தடை செய்துவிட்டது. கறிக்கோழியில் இப்போது முழுக்க மூடிய, விசிறியால் குளிரூட்டும் ஈ.சி. ஷெட்டுகள் வருகின்றன. வெப்பத்துக்கு அது நல்ல தீர்வு என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால், அதில் கோழியை இன்னும் நெருக்கித்தான் விடுவார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றால் ஒரே மதியத்தில் கொட்டகை முழுவதும் பிணமாகிவிடும். அப்படியொரு ஷெட்டுக்கு நம் மாவட்டத்தில் அனுமதி தரும்போது மாற்று மின்வசதியைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இனி நம் மாவட்டத்துக் கல்வராயன்மலைக்கு வருகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான் கல்வராயன்மலை மக்களின் பிழைப்பைப் பற்றி வெளியுலகம் பேச ஆரம்பித்தது. சென்னை உயர்நீதிமன்றமும் தானாக முன்வந்து விசாரித்தது. பிழைப்புக்கு வழி செய்கிறோம் என்று கிளம்பும்போது மேலேயும் ஒப்பந்தக் கொட்டகையைக் கொண்டுபோய்விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். கீழே கொட்டகை விவசாயிகள் படும் பாட்டை அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரும் பட வேண்டாம். நாட்டுக்கோழிப் பண்ணை வைக்க அரசே 50 சதவீத மானியம் தருகிறதே! 250 கோழிக்கு 625 சதுர அடி இடம் காட்டச் சொல்கிறது அந்தத் திட்டம். கோழிக்கு இரண்டரைச் சதுர அடி. கோழிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாமலில்லை.

நாட்டுக்கோழி சொர்க்கத்தில் வாழ்கிறது என்றும் சொல்ல மாட்டேன். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெரு முழுக்கக் கோழி காலியாகும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாம் சாலை இல்லாத மலைக் கிராமங்களுக்கும் ஏறி வந்தால் அதுவே பெரிய விலங்கு நலம். முட்டையிலும் அது கூண்டுக்கோழியோடு போட்டியிட முடியாது. கூண்டுக்கோழி வருடத்துக்கு 300 முட்டை இடும், நாட்டுக்கோழி 60, 70 இட்டாலே அதிகம். ஆகவே பள்ளிச் சத்துணவு முட்டை மொத்தத்தையும் நாட்டுக்கோழி முட்டையாக மாற்றச் சொல்லவில்லை. அது மாநில அளவிலான ஒப்பந்தம், உங்கள் கையில் இல்லை என்பதும் தெரியும். மலையில் உள்ள ஏதாவது ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு, வாரத்தில் ஒரு நாள் முட்டையை மட்டும் அந்த ஊர் மகளிர் குழுவிடம் வாங்க அனுமதி கேட்டுச் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதலாம் அல்லவா?

மறுபடியும் கறிக்கோழிக் கொட்டகைக்கு வருகிறேன். மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இயங்க வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டு விதி. தெருநாயும் அடிமாட்டு லாரியும் மட்டும்தான் அதன் வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மாவட்ட எல்லையில் தலைவாசல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்தக் கூரைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு கோழி என்று கணக்குப் போட்டுத் தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். விசிறிக்கும் தெளிப்பானுக்கும் ஆகும் செலவில் கம்பெனியின் பங்கு என்ன என்பதும் அதில் இருக்கட்டும்.

மாதந்தோறும் நீங்கள் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கரும்பு நிலுவையும் யூரியாவும் பேசுகிறோம். மாசி பிறப்பதற்குள் வரும் ஒரு கூட்டத்துக்கு நம் மாவட்டத்தில் குஞ்சு இறக்கும் கம்பெனிகளின் பொறுப்பாளர்களையும் வரச்சொல்லுங்கள். சூப்பர்வைசரை அனுப்பினால் ஏற்க வேண்டாம், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரே வரட்டும்.

இப்படிக்கு,
சின்னசேலம் வட்டத்திலிருந்து ஒரு மக்காச்சோள விவசாயி