மகளிர் கால்பந்து அணி: தொடக்க விழாவுக்குப் பிறகு யார் பொறுப்பு?

2022 ஜூலையில் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கழகம் தனது மகளிர் அணியை அறிவித்தது. நாட்டில் மிக அதிக ரசிகர்களைத் திரட்டும் கழகங்களுள் ஒன்று பெண்களுக்கென அணி தொடங்குகிறது என்பதால் அந்த அறிவிப்பு பெரிதும் வரவேற்கப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், 2023 ஜூனில், அதே கழகம் அந்த அணியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பெண்கள் ஆட்டங்களில் தோற்றதால் அல்ல. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில், சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலை ஏற்க மறுத்து, கேரளா பிளாஸ்டர்ஸின் ஆண்கள் அணி ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் களத்திலிருந்து வெளியேறியது. அதற்காக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கழகத்திற்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நிதிச் சுமையைக் காரணம் காட்டித்தான் மகளிர் அணி நிறுத்தப்பட்டது. குற்றம் ஆண்கள் அணியுடையது. தண்டனை மகளிர் அணிக்கு.

குடும்பத்தில் பணமுடை வந்தால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பு. நம் வீடுகளில் நாம் கண்டுவந்த இந்தக் கணக்குதான் கோடிகள் புரளும் ஒரு விளையாட்டு நிறுவனத்திலும் எந்தக் கூச்சமுமின்றிப் பின்பற்றப்பட்டது. ஒரு கழகத்தின் தனிப்பட்ட குணக்கேடாக இதைச் சுருக்கிவிட முடியாது. அதே 2022 ஆகஸ்டில், கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வெளியாரின் தலையீடு இருப்பதாகக் கூறி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தபோது, ஆசிய மகளிர் கழகப் போட்டியில் ஆடுவதற்காகக் கோகுலம் கேரளா அணியின் பெண்கள் உஸ்பெகிஸ்தானில் இருந்தார்கள். நாட்டின் சாம்பியன்களான அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். பதினோரு நாள்களில் இடைநீக்கம் நீங்கிவிட்டது. ஆனால் அவர்கள் உழைத்துப் பெற்ற வாய்ப்பு திரும்பவில்லை. பதவி நாற்காலிக்காகச் சண்டையிட்டவர்களில் எவருக்கும் அதனால் இழப்பில்லை.

புதிய மகளிர் கழகம் ஒன்று தொடங்கப்படும் செய்தி வரும்போதெல்லாம் நாம் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அது யாருடைய உழைப்பின்மீது எழுப்பப்படுகிறது, எந்த விதியின்கீழ் இயங்கப்போகிறது, எப்போது வேண்டுமானாலும் பூட்டிவிடக்கூடியதா என்ற கேள்விகளை எழுப்புவதில்லை. இந்திய மகளிர் லீக்கின் சுருக்கமான வரலாறே இக்கேள்விகளின் அவசியத்தைக் காட்டும்.

அந்த லீக் 2017 ஜனவரி 28 அன்று தொடங்கி பிப்ரவரி 14 அன்று முடிந்தது. ஒரே நகரம், ஆறு அணிகள், பதினெட்டு நாள்கள். அதைத்தான் தேசிய லீக் என்றார்கள். அந்த ஆறு அணிகளைப் பாருங்கள். மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ், மிசோரமின் ஐசால், தமிழ்நாட்டிலிருந்து ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி, ஹரியானாவின் பிவானி மாவட்டத்துச் சிற்றூரான அலக்புராவின் அணி, இவற்றுடன் எஃப்.சி. புனே சிட்டி. ஐ.எஸ்.எல். முதலாளிகளிடமிருந்து வந்தது புனே மட்டுமே. அலக்புராவிலோ அரசுப் பள்ளித் திடலில் பந்து உதைத்த பெண்பிள்ளைகளே ஒரு கழகமாகி நின்றார்கள். அடுத்த பருவத்தில் கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி வந்தது. மதுரையின் சேது எஃப்.சி. வந்தது. சேது அணி 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று பட்டம் சூடியது. ஐ.எஸ்.எல். பட்டத்தை 2015, 2017-18 என இருமுறை வென்ற சென்னையின் பெயர் அந்த மகளிர் பட்டியலில் இல்லை. மகளிர் அணி வைத்திருந்த எஃப்.சி. புனே சிட்டியோ 2019இல் கடையைக் கட்டிவிட்டது.

ஆக, இந்தியாவில் பெண்கள் கால்பந்தை முதலில் தாங்கியவை பெருமுதலாளிகளின் கழகங்கள் அல்ல. பள்ளித் திடல்களும் சிறு அகாடமிகளும் காவல்துறை அணிகளும் ஓரிரு தனிமனிதர்களின் பிடிவாதமுமே அதைத் தாங்கின. இந்த அடித்தளத்தின்மீதுதான் தமிழ்நாடு மகளிர் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் இறுதியாட்டத்தில் வீழ்த்தித் தேசிய சாம்பியனானது. மணிப்பூர் இந்த விளையாட்டில் எப்பேர்ப்பட்ட வல்லரசு என்பது தெரிந்தவர்களுக்கு 2018 வெற்றியின் கனம் புரியும். நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களுக்கு அது புரியவில்லை.

இனி ஊதியத்துக்கு வருவோம். ஒரு கழகம் தொழில்முறைக் கழகமாவது பெயர்ப்பலகையால் அல்ல, சம்பளச் சீட்டால். கூட்டமைப்பு 2023இல் ஒரு முடிவெடுத்தது: முதல் நிலை லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும். மாதக் கணக்கில் ஏறக்குறைய 26,667 ரூபாய். அதுவரை எந்த அடிப்படை உத்தரவாதமும் இல்லாதிருந்த நிலையில் இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் கால்பந்து பதினொருவர் ஆடும் ஆட்டம். பதினோராவது பெண்ணுக்கு என்ன? மாற்று ஆட்டக்காரர்களாக அமர்ந்திருப்பவர்களுக்கு என்ன? பயிற்சியில் முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு படுத்துவிடும் பெண்ணுக்கு என்ன? பத்துப் பேர் என்று எல்லை வகுத்த விதி, மற்றவர்களைக் கழகத்தின் கருணைக்கு விட்டுவிடுகிறது. இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆண்கள் அணி ஓர் இரவில் கழகத்திற்குத் தேடித்தந்த 4 கோடி ரூபாய் அபராதம், இந்தக் குறைந்தபட்ச விகிதத்தில் 125 பெண்களின் ஓராண்டு ஊதியம்.

ஊதியம் எத்தனை மாதங்களுக்கு என்பது அதைவிடக் கூர்மையான கேள்வி. சொந்தத் திடலிலும் எதிரணித் திடலிலும் ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. ஏழு அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டங்கள். சில மாதங்களில் பருவம் முடிந்துவிடும். மீதி மாதங்களில் அந்தப் பெண் யார்? பெரும்பாலும் எதிர்பார்ப்பு ஒன்றே: காவல்துறையிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. இந்திய அணிக்கு ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையின் உதவி ஆய்வாளர். கொரோனா காலத்தில் சாலையில் நின்று பணிசெய்தவர். இதைப் பெருமைக்குரிய செய்தியாகவே எல்லோரும் எழுதினார்கள். பெருமைதான். ஆனால் நாட்டுக்காக ஆடும் ஒருவரைக் கழகங்களால் முழுநேர ஆட்டக்காரராக வாழவைக்க முடியவில்லை, அரசு வேலைதான் காப்பாற்றுகிறது என்ற உண்மையும் அதற்குள் இருக்கிறது. தனியார்மயத்தை விளையாட்டின் மீட்பராகக் காட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

சாதியைப் பேசாமல் இதை முடித்துவிட முடியாது. தம் வீராங்கனைகள் எந்தச் சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்பதைக் கூட்டமைப்போ கழகங்களோ வெளியிடுவதில்லை. தனியார் கழகங்களில் இட ஒதுக்கீடும் இல்லை. ஆகவே எண்களை முன்வைத்து வாதிடும் வழி நமக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த மறைப்பே ஓர் அரசியல். ஆனால் வாழ்க்கைகள் மறைக்கப்படக்கூடியவை அல்ல. 2022 அக்டோபரில் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பையில் இந்திய அணியின் தலைவி, ஜார்கண்டின் கும்லா மாவட்டத்துப் பழங்குடிச் சிறுமி அஸ்தம் ஓராவ்ன். அவரைக் கௌரவிக்க அரசு அவர் வீட்டுக்குச் சாலை போட்டது. அந்தச் சாலையில் நாளொன்றுக்கு 250 ரூபாய் கூலிக்கு மண் சுமந்தவர்கள் அவருடைய தாயும் தந்தையும். அந்தச் செய்தியை நாடு நெகிழ்ந்து படித்தது. நெகிழ்ந்தவர்கள், கூலியை உயர்த்தக் கேட்டதாக நினைவில்லை.

வெற்றி சாதியை அழித்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் கண்ட முதல் இந்தியப் பெண்ணான வந்தனா கட்டாரியாவின் வீட்டுமுன், 2021 ஆகஸ்டில் அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். அணியில் தலித்துகள் மிகுந்துவிட்டதால்தான் தோல்வி என்று அவருடைய குடும்பத்தாரை வசைபாடினார்கள். ஒருவர் கோல் அடிக்கும்போது இந்தியர், தோற்கும்போது தலித். கால்பந்துக் களம் இதற்கு விலக்காக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. வடசென்னையின் வியாசர்பாடியைச் சிலர் செல்லமாகக் குட்டி பிரேசில் என்கிறார்கள். அதே ஊடகங்கள் மற்ற நாள்களில் அந்தப் பகுதியை எந்த அடைமொழிகளால் எழுதுகின்றன என்பதை அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பட்டியலின, பழங்குடிப் பெண்களுக்குக் கழகத்தின் விடுதியும் பயண ஏற்பாடுகளும் கூடுதல் ஆபத்துள்ள இடங்கள். தட்டிக்கேட்க வரும் அளவு செல்வாக்குள்ள குடும்பம் பின்னால் இல்லை. அணியை விட்டு வெளியேறினால் திரும்பிச் செல்ல வேறு வழியில்லை. 2024 மார்ச்சில், இரண்டாம் நிலை மகளிர் லீக்கிற்காகக் கோவா சென்றிருந்த இமாச்சலப் பிரதேச அணி வீராங்கனைகள் இருவர், தங்கள் அறைக்குள் நுழைந்து தாக்கியதாகக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர் ஒருவர்மீதே புகார் கொடுத்தார்கள். அவர் கைது செய்யப்பட்டார். கூட்டமைப்பு அவரை இடைநீக்கம் செய்தது. புகாரைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்மீதே புகார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டு நிறுவனங்களையும் திடல்களையும் பணியிடமாகவே வரையறுக்கிறது. ஒரு புதிய கழகம் உள் புகார்க்குழுவை அமைத்திருக்கிறதா, அதன் வெளி உறுப்பினர் யார் என்பதை அறிய எந்த ரகசியமும் தேவையில்லை, கேட்டால் போதும்.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போர் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே 2020இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் சிட்டி கழகம் 2022இல் ஆடத் தொடங்கி, 2024இல் 25 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. லீக்கில் புதிய அணியாகச் சேர்வதற்கு பே எஃப்.சி. 2023இல் 5.3 கோடி டாலர் கட்டணம் செலுத்தியது. 2025 ஜனவரியில் டென்வருக்கு அக்கட்டணம் 11 கோடி டாலராகிவிட்டது. ஆனால் இதே லீக்கில்தான் பயிற்சியாளர்களின் பாலியல் வன்முறையும் வசைகளும் ஆண்டுக்கணக்கில் மூடிமறைக்கப்பட்டதை 2022 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை அம்பலப்படுத்தியது. அதை மாற்றியது முதலீட்டாளர்கள் அல்லர். ஆட்டக்காரர்கள் பெயர் சொல்லிப் பேசினார்கள், தொழிற்சங்கமாகத் திரண்டார்கள், ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024இல் அவர்களுடைய சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம், கல்லூரி முடித்து வரும் பெண்களைக் கழகங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் முறையையே ஒழித்தது. எந்த அணியில் ஆடுவது என்பதை இப்போது ஆட்டக்காரரே முடிவு செய்கிறார்.

நம் பெண்களின் திறனில் குறையில்லை என்பதற்கு 2025 ஜூலை 5 சான்று. சியாங் மாயில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என வீழ்த்தி, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக இந்தியா மகளிர் ஆசியக் கோப்பைக்குச் சென்றது. இரு கோல்களையும் அடித்தவர் மேற்கு வங்கத்துச் சங்கீதா பாஸ்ஃபோர். அதே மாதத்தில்தான் உரிமச் சிக்கலால் ஆண்களின் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. பெருங்கழகங்களின் வருமானம் ஆட்டம் கண்டது. அத்தகைய நேரத்தில் எந்த அணியின் செலவு முதலில் வெட்டப்படும் என்பதைக் கொச்சியின் அனுபவம் ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

எனவே கூட்டமைப்பிடம் வைக்க வேண்டிய கோரிக்கை எளிமையானது. மகளிர் அணி தொடங்கும் கழகம் மூன்று பருவங்களுக்கான ஊதியத்தை முன்வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும். ஆண்கள் அணியின் அபராதமோ நட்டமோ அத்தொகையைத் தொடக்கூடாது. குறைந்தபட்ச ஊதியம் பத்துப் பேருக்கு என்றில்லாமல் பதிவுசெய்யப்பட்ட ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பன்னிரண்டு மாதங்களுக்கும் பொருந்த வேண்டும். தமிழ்நாட்டு அரசிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. பட்டியலினத்தார், பழங்குடியினருக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் இங்கே நிறைவேறியிருக்கிறது. அந்த நிதியில் எத்தனை சேரிகளுக்கு அருகில், பெண்பிள்ளைகள் ஊர்த்தெருவைக் கடந்து யாரிடமும் அனுமதி கேட்காமல் சென்று ஆடக்கூடிய திடல்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டவாரியாகக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.