கல்லில் ஏறாத பெயர்கள்

ஆண்டுதோறும் திசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் நம் வகுப்பறைகளுக்குக் கொடி வரும். உடன் உண்டியலும் வரும். மாணவர் காசிட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக் கொள்வர். மாலையில் அது நடைவழியில் கிடக்கும். எவர் நினைவாக அதனை அணிந்தீர் என வினவினால், ‘பட்டாளத்தாருக்கு’ என்னும் ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கிறது.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தது. அந்நாளை மாண்டோர் நினைவு நாளாகப் பிரித்தானியப் பேரரசு 1919 முதல் கடைப்பிடித்தது. பாப்பி மலர் விற்று முன்னாள் வீரர்க்கு நிதி திரட்டும் வழக்கமும் பின்னர் அதனோடு சேர்ந்தது. விடுதலைக்குப் பின் நமக்கென ஒரு நாளாகத் திசம்பர் 7 அமைந்தது. பாதுகாப்பு அமைச்சரின் கீழிருந்த குழு 1949இல் செய்த முடிவு அது. மாண்டோர் குடும்பத்துக்கும் ஊனமுற்ற வீரர்க்கும் உதவும் நோக்கில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அது காசு திரட்டும் நாளாக நின்றதேயன்றிப் பெயர் சொல்லும் நாளாக வளரவில்லை.

பெயர் சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. களத்தில் பட்டவனுக்குக் கல் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகல்லைக் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டது என்பர். கூடலூர் ஆகோள் பூசலில் பட்ட அந்தவன் என்பானின் பெயர் அதில் தமிழ்ப் பிராமியில் உள்ளது. அவன் முடிவேந்தன் அல்லன். மாடு பிடிச் சண்டையில் மடிந்த ஊரான் ஒருவன். நம் பொருநைக் கரைக் கொற்கையிலும் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. சோற்றுப் பானைக்கும் எழுத்திட்ட நாடு இது!

இந்நாட்டார் மெசபொத்தாமியப் போரில் மாண்டபோது நேர்ந்தது யாது? பஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை ஆயினர். பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் இத்தகைய பாகுபாட்டுக்காக மன்னிப்புக் கோரியது. நூறாண்டு கழிந்த மன்னிப்பு!

தில்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம், விடுதலைக்குப் பின் வீழ்ந்த ஏறத்தாழ 26,000 வீரர்களைப் பெயரிட்டே போற்றுகிறது. 1948 சூலை 3இல் காசுமீரக் களத்தில் உயிர் நீத்த பிரிகேடியர் முகம்மது உசுமானும் அவ்வரிசையினர். பாராட்டத் தக்க பணியே. எனினும் நடுகல் தலைநகரில் நின்றதில்லை; பட்டவனின் ஊர்ப்புறத்தே, வழிச்செல்வோர் கண்ணில் படும் இடத்தில் நின்றது.

என் இளமையில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குச் சென்ற கணவர் மீளவேயில்லை. ‘பட்டாளத்தார் வீட்டம்மா’ என்றே தெரு அவரை அழைத்தது. அவர் கையால் எத்தனையோ நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். அக்கணவரின் பெயரை ஒருநாளும் கேட்டேனில்லை. இன்று கேட்பதற்கு அவரும் இல்லை.

வரும் திசம்பரில் நம் துறை மாணவர் உண்டியலோடு ஒரு குறிப்பேட்டையும் ஏந்தித் தத்தம் ஊர்ப் பெரியோரை அணுகட்டும். பெயர், ஊர், சென்ற ஆண்டு, பட்ட களம் ஆகிய நான்கும் போதும். அடுத்த மலரில் அதற்கெனப் பக்கங்களை ஒதுக்கித் தருமாறு மலர்க் குழுவினரை வேண்டுகிறேன்.