தண்ணீரைக் குறைப்பது மருந்தன்று

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பங்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோரிடம் ஒரு பழக்கத்தைப் பரவலாகக் காண்கிறோம். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்ந்தால் அவர்கள் முதலில் குறைப்பது தண்ணீரைத்தான். ஏரியில் கையால் இறால் தடவும் பெண்களும், கூடையுடன் சந்தைக்குச் செல்லும் பெண்களும் ஒதுங்க இடமின்றிக் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்கின்றனர். "சூடு பிடித்துக்கொண்டது", "வயதானால் அப்படித்தான்" என்று மாதங்கள் கழிகின்றன. இப்பழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

அடிக்கடி சிறுநீர் கழிப்பது தனி நோயன்று, ஓர் அறிகுறி. பகலும் இரவுமாக ஏறத்தாழ எட்டு முறை வரை கழிப்பது பெரும்பாலோர்க்கு இயல்பு. நீரில் அமிழ்ந்து நின்று தொழில் செய்யும்போது சிறுநீர் சற்றே கூடுவதும் இயல்பே. நீரின் அழுத்தத்தால் கால்களிலுள்ள இரத்தம் மார்புப் பகுதிக்கு ஏறுவதால், சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றுகிறது. கரையேறிய பின்னும், உறங்கும் வேளையிலும் தொல்லை தொடர்ந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

காரணங்கள் பல. ஒவ்வொரு முறையும் மிகுதியாகக் கழிந்து, தாகமும் மெலிவும் சேர்ந்தால் நீரிழிவை ஐயுற வேண்டும். சிறிது சிறிதாக, எரிச்சலுடன் கழிந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். ஐம்பதைக் கடந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம், பெண்களுக்குக் கர்ப்பம், இரு பாலருக்கும் சிறுநீர்ப்பையின் மிகையான இயக்கம் ஆகியவையும் காரணமாகும். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும்; அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. மாத்திரை உண்ணும் நேரத்தை மாற்ற இயலுமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும். தொற்றுக்கும் கல்லுக்கும் வழி திறக்கும். நீரிழிவு உள்ளவருக்கோ உடலின் நீர் வற்றி உயிருக்கே ஊறு நேரலாம். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு குறித்தவர்கள் மட்டும் அவ்வளவைக் கடைப்பிடிக்க வேண்டும்.

மருத்துவரிடம் வருமுன் மூன்று நாட்கள் ஒரு தாளில் குறியுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை, எவ்வளவு கழித்தீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள். எழுத இயலாதவர்க்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம். இத்தாளும், சிறுநீர், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைகளும் பலருக்குக் காரணத்தைக் காட்டிவிடும். தொடக்கப் பரிசோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் கூச்சமின்றிக் கூறலாம். சிறுநீரில் இரத்தம், குளிர்காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தொற்றுக்கு மருந்தும், நீரிழிவுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும், புராஸ்டேட் வீக்கத்திற்கு மாத்திரையோ அறுவையோ உண்டு. சிறுநீர்ப்பையின் மிகை இயக்கத்திற்கு இடுப்படித் தசைப் பயிற்சியும், கழிக்கும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் பயிற்சியும் பயன் தரும். இரவில் எழும் முதியவர்க்கு வழியில் ஒரு விளக்கும், அருகில் ஒரு சிறுநீர்க் கலனும் வையுங்கள். ஒரு விழுதலைத் தடுத்தாலும் அது பெரும் உதவியே.

எனினும் மருந்துச் சீட்டால் மட்டும் இது தீராது. ஒதுங்க இடமில்லாத பெண்ணிடம் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது பாதி அறிவுரைதான். படகுத்துறையிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை வேண்டும். அதனையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். கிராமசபைக் கூட்டத்தில் இக்கோரிக்கையைப் பெண்கள் மட்டுமன்றி, வீட்டு ஆண்களும் எழுந்து கூற வேண்டும்.